அந்தத் தாழ்ந்த முக்காலி: ஒரு பாதநலப் பிரிவும் அங்கே கிடைக்கும் எம்.சி.ஆர். செருப்பும்

நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைப் பரிசோதித்து, தேவைப்படுவோருக்கு எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பும் செய்து தரும் ஒரு பிரிவுக்குச் சென்ற மாதம் நோயாளியாகப் போய்வந்தேன். வட ஆர்க்காட்டுப் பகுதியில் உள்ள சிறிய மிஷன் மருத்துவமனை அது. 1988 முதல் மூன்று ஆண்டுகள் நான் அங்கேயே இளநிலை மருத்துவராக வேலை பார்த்தவன் என்பதையும், அந்தப் பிரிவைத் தொடங்கிய மூத்த மருத்துவர் எனக்கு மருத்துவத்தில் மட்டுமன்றி விசுவாச வாழ்விலும் வழிகாட்டியாக இருந்தவர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆகவே முற்றிலும் நடுநிலையான மதிப்புரையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். மருத்துவமனையின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். தம் பெயர் அச்சில் வருவதை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை. தவிர, சில குறைகளையும் எழுதப் போகிறேன்.

குறையிலிருந்தே தொடங்குகிறேன். காலை ஏழரை மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்க நின்றவன், பாதநலப் பிரிவின் வாசலை அடையும்போது மணி பத்தாகியிருந்தது. பதிவுக்கு ஒரு வரிசை, பணம் கட்ட இன்னொரு வரிசை, மருத்துவர் பார்த்த பின் செருப்புக்குப் பணம் கட்ட மறுபடியும் அதே வரிசை. எனக்கு முன்னால் நின்ற ஒரு மூதாட்டி, வலது காலில் பெரிய கட்டோடு, இந்த மூன்று வரிசைகளுக்கும் தாமே நடந்தார். புண் உள்ள காலில் எடை விழக் கூடாது என்று உள்ளே சுவர் முழுக்கப் படம் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் போய்ப் பார்ப்பதற்குள் அந்த அம்மாள் தம் புண்ணின் மீது எத்தனை அடி வைத்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. சக்கர நாற்காலிகள் இல்லாமல் இல்லை. நுழைவாயிலின் ஓரத்தில் நான்கு நின்றன. கேட்டால் தருவார்களாம்; கேட்கலாம் என்று யாரும் சொல்வதில்லை.

உள்ளே போனதும் காட்சி மாறிவிடுகிறது. நோயாளி உட்காருவதற்குச் சாய்வுள்ள உயரமான நாற்காலி; அதன் முன்னால், ஒரு முழ உயரம்கூட இல்லாத மர முக்காலி. பரிசோதிப்பவர் யாராக இருந்தாலும், அவர் மருத்துவரானாலும் பயிற்சிக்கு வந்த மாணவியானாலும், அந்த முக்காலியில்தான் உட்கார வேண்டும். மடியில் ஒரு துண்டை விரித்து, நோயாளியின் பாதத்தைக் கையால் தூக்கித் தம் மடிமேல் வைத்துக்கொள்வார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு முழங்கால் வலியைக் கொடுத்த முக்காலி இதுவாக இருக்க முடியாது; ஆனால் உயரம் அதே உயரம்.

எனக்குப் பரிசோதனை செய்தவர் இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத ஒரு பெண். நான் மருத்துவன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அவர் இரண்டு பாதங்களையும் புறங்கையால் தொட்டுச் சூட்டை ஒப்பிட்டார். பிறகு வெப்பமானியாலும் அளந்து குறித்துக்கொண்டார். ஒரு பாதத்துக்கும் மறு பாதத்துக்கும் ஒரே இடத்தில் இரண்டு டிகிரி செல்சியசுக்கு மேல் வேறுபாடு இருந்தால், தோல் முழுதாக இருந்தாலும் உள்ளே ஏதோ புகைகிறது என்று பொருள். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லச் சொன்னார். கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுத்துக் காட்டினார். 0.9க்குக் கீழே இறங்கினால் காலுக்கு இரத்தம் போதவில்லை என்று கொள்ள வேண்டும். எனக்கு 1க்குச் சற்று மேலே இருந்தது.

கடைசியாக மோனோஃபிலமென்ட். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒற்றை நைலான் இழை அது. முதலில் என் முன்கையில் தொட்டு, இப்படித்தான் இருக்கும் என்று உணர்த்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். காய்ப்பு ஏறிய இடத்தைத் தவிர்த்து, இழை வளையும் வரை அழுத்தி, ஓரிரு நொடியில் எடுத்துவிட வேண்டும். தொடுகிறதா என்று கேட்டுக் கேட்டுத் தொடக் கூடாது, கேள்வியே விடையைச் சொல்லிக் கொடுத்துவிடும். இதையெல்லாம் ஆயிரக்கணக்கானோருக்குச் செய்தவன் நான். வலது காலில் ஒவ்வொரு தொடுகைக்கும் "ஆமாம்" என்றேன். இடது காலில் மூன்று முறை சொன்னேன். பிறகு அவர் மேலே தொடரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். "முடிஞ்சுதுங்க ஐயா, கண்ணைத் திறக்கலாம்" என்றார். கட்டைவிரலின் அடியிலும் அதை அடுத்த மேட்டிலும் அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. பதினான்கு ஆண்டுச் சர்க்கரை என்பது தாளில் எழுதிப் பார்க்கும்போது வெறும் எண்தான். அதுவரை அப்படித்தான் இருந்தது.

அந்தப் பெண் முகத்தில் இரக்கத்தைக் காட்டவில்லை, அவசரமும் காட்டவில்லை. பாதத்தை மடியிலிருந்து எடுக்காமலே, "உங்க செருப்பைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அது பெரிய டாக்டரின் கேள்வி.

இந்தப் பிரிவைத் தொடங்கிய அந்த மூத்த மருத்துவரை ஊரில் எல்லோரும் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் சார் என்போம். நான் அங்கே சேர்ந்த முதல் ஆண்டில், உள்ளங்காலில் புண்ணோடு ஒரு கூலி விவசாயி வந்தார். நீண்டகாலச் சர்க்கரை, காலில் உணர்ச்சி சுத்தமாக இல்லை. உடன் வந்த மனைவி, "கால்ல ஆணி ஏறியிருக்குதுங்க" என்றார். கால் ஆணி என்று நான் ஆய்வுச் சீட்டில் எழுதிக்கொண்டேன். புண்ணைச் சுத்தம் செய்து கட்டினேன், மாத்திரை எழுதினேன், ஆறவில்லை. மாத்திரையை மாற்றினேன், அதற்கும் ஆறவில்லை. மூன்று வாரம் இப்படியே போனது. நான்காம் வாரம் பெரிய டாக்டர் வந்து என் பக்கத்தில் இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டைத் தாமே பிரித்தார். சற்று நேரம் பார்த்தவர், "இவர் செருப்பு எங்கே?" என்று கேட்டார். வாசலில் கிடந்தது. போய் எடுத்துவரச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்ததும் அதற்குள் தம் விரலை விட்டு மெதுவாக நகர்த்திக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றார். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். வார் அறுந்தபோது சந்தையில் அடித்த ஆணியின் முனை, அட்டையைத் துளைத்து ஒரு நெல் அளவுக்கு மேலே வந்திருந்தது. அந்த அம்மாள் சொன்ன ஆணி அதுதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது எனக்குத் தெரியாததல்ல. எந்த ஆணி என்று நான் கேட்கவில்லை.

அவர் திட்டவில்லை. நோயாளியிடம் திரும்பி, "தம்பி நல்லாத்தான் கட்டுப் போட்டிருக்கார். நாங்க செருப்பைப் பார்க்காம விட்டுட்டோம், மன்னிச்சுக்குங்க" என்றார். அந்த "நாங்க" என்ற சொல்லில் என்னையும் தம்மோடு சேர்த்துக்கொண்டதை நான் இன்றுவரை மறக்கவில்லை. வியாழக்கிழமை மாலை அவர் வீட்டில் எங்களுக்கு வேத வகுப்பு நடக்கும். ஆணியைச் சிலுவையின் ஆணிகளோடு முடிச்சுப் போட்டு ஒரு பிரசங்கம் செய்யப் போகிறார் என்று பயந்துகொண்டே போனேன். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறுநாள் முதல் ஆய்வுச் சீட்டில் "செருப்பு" என்று ஒரு கட்டம் புதிதாக வந்திருந்தது, அவ்வளவுதான். இப்போதைய சீட்டிலும் அந்தக் கட்டம் இருக்கிறது, அச்சடித்தே வருகிறது.

உணர்விழந்த காலுக்கும் செருப்புக்கும் உள்ள உறவை அவர் படித்த இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் அங்கே மாணவர். பால் பிராண்ட் அங்கே பணியாற்றிய கடைசி ஆண்டுகள் அவை. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பிராண்ட், 1946இல் அறுவை மருத்துவராக வேலூருக்கு வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பிய காலம் அது. நோய் நரம்பைத் தாக்கி வலியைப் பறித்துவிடுகிறது, வலி போனதால் சூடும் ஆணியும் ஓயாத அழுத்தமும் தெரியாமல் போகின்றன, கைகால் சிதைவதற்குப் பெரும்பாலும் அந்தத் தெரியாமைதான் காரணம் என்பதை அவரும் அவரோடு இருந்தவர்களும் நோயாளிகளின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து பார்த்துக் காட்டினார்கள். வேலூரிலும், 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையிலும் நடந்த பணியின் வழியாகத்தான் நுண்துளை ரப்பர் செருப்பு, அதாவது எம்.சி.ஆர்., உணர்விழந்த கால்களுக்கு உரியது என்று நிலைபெற்றது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், அங்கே அதே அறிவை நீரிழிவுக் கால்களுக்கும் கொண்டுபோனார். இங்கே பெரிய டாக்டர், தொழுநோய்க்காக இருந்த செருப்புப் பட்டறையைச் சர்க்கரை நோயாளிகளுக்கும் திறந்துவிட்டபோது, "குஷ்டரோகிச் செருப்பு எங்களுக்கு எதுக்கு?" என்று முதலில் வந்த எதிர்ப்பை நான் கண்ணால் பார்த்தேன். அவர் வாதாடவில்லை, தாமே ஒரு ஜோடி செய்யச் சொல்லி ஓ.பி.க்கு அணிந்துவந்தார். அவருக்குச் சர்க்கரையும் இல்லை, தொழுநோயும் இல்லை.

முக்காலியில் உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்று எங்களில் ஒருவன் ஒருமுறை முணுமுணுத்தபோது, மேரி வர்கீசைப் பற்றிச் சொன்னார். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் அவர். அதற்குப் பிறகு முதுகைப் பற்றி யாரும் பேசவில்லை. இப்படி உதாரணம் காட்டி வாயை அடைப்பது கொஞ்சம் அநியாயம் என்று எனக்கு அப்போதே தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. எங்கள் முதுகும் முதுகுதானே.

அவரிடம் வேறு குறைகளும் இருந்தன. வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கத் தெரியாது. இரவு பதினொரு மணிக்கு வார்டுக்கு வந்து, நான் கட்டிய கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கட்டுவார்; அதில் எனக்கு உள்ளூர வருத்தம் உண்டு. பாராட்டு என்பது அவர் வாயிலிருந்து மழை மாதிரி, பருவம் தப்பித்தான் வரும். ஆனால் விசுவாசத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரு விதி எனக்குப் பிரசங்கங்களைவிட அதிகம் பயன்பட்டது: படுக்கையில் கிடப்பவரிடம் பிரசங்கம் செய்யாதே, அவரால் எழுந்து போக முடியாது. அறுவை சிகிச்சைக்கு முன் ஜெபிப்பார். அதற்கு முன்னால் நோயாளியிடம் அனுமதி கேட்பார். வேண்டாம் என்றவர்களிடம் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, அதே அக்கறையோடு கையைக் கழுவப் போவார். நான் மருத்துவத்தை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன் என்று ஒரு வியாழக்கிழமை உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னபோது, "போகலாம். மூணாம் நம்பர் படுக்கையின் புண் ஆறட்டும், அப்புறம் பேசுவோம்" என்றார். அது ஆற ஏழு மாதமாயிற்று. அதற்குள் எனக்கு விடை கிடைத்துவிட்டது.

யோவான் பதின்மூன்றாம் அதிகாரத்தை, இயேசு சீடரின் கால்களைக் கழுவும் பகுதியை, அவர் வாசித்த விதமே தனி. தாழ்மையைப் பற்றி நீட்டி முழக்க மாட்டார். எழுந்தார், மேலுடையைக் கழற்றினார், துண்டை எடுத்து அரையில் கட்டினார், பாத்திரத்தில் தண்ணீர் வார்த்தார், கழுவினார், துண்டினால் துடைத்தார் என்று ஒவ்வொரு செயலாக விரல் மடக்கி எண்ணுவார். "துடைக்கிறது வரைக்கும் எழுதியிருக்கு பாருங்க. நீங்க கழுவிட்டு விட்டுடறீங்க, விரலிடுக்குல ஈரம் நின்னு பூஞ்சை வருது" என்பார். சிரித்தோம். ஆனால் நான் இன்றுவரை ஒரு காலைக்கூடத் துடைக்காமல் விட்டதில்லை. சென்ற மாதம் அந்தப் பெண் என் இடுக்குகளைத் துடைத்தபோது இந்த அதிகாரம் அவருக்கும் யாராவது எண்ணிக் காட்டியதுதானா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். பெரிய டாக்டர் காலமாகிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பெண் அவரைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இனி செருப்பு. பட்டறை அதே கட்டடத்தின் பின்புறம் இருக்கிறது. அளவெடுப்பவர் தாளின் மேல் என்னை நிற்க வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைந்தார். உட்கார்ந்த நிலையில் வரைந்தால் எடை விழாது, பாதம் சுருங்கித் தெரியும்; பென்சில் உள்பக்கமாகச் சாய்ந்தாலும் செருப்பு சிறுத்துப் போகும். இரண்டு காலுக்கும் தனித்தனியாக வரைந்ததில் என் இடது பாதம் வலதைவிட அகலம் என்று இந்த வயதில் தெரியவந்தது. உள்ளடியில் சுமார் பத்து மில்லிமீட்டர் எம்.சி.ஆர்.; ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் அது பதினைந்து. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும், ஆனால் அடிப்பலகையைத் தொடும் அளவுக்கு நசுங்கக் கூடாது. விட்டதும் எழ வேண்டும். கடையில் எம்.சி.ஆர். என்று எழுதி விற்கும் சிலவற்றில் இந்தச் சோதனை தேறுவதில்லை. அடியில் தேய்மானம் தாங்கும் கெட்டி ரப்பர். மேலே இரண்டு அகல வார்களும் குதிகாலுக்குப் பின்னால் ஒரு வாரும், ஒட்டுப்பட்டையோடு. குதிகால் வார் அலங்காரத்துக்கு அல்ல; உணர்வில்லாத காலிலிருந்து செருப்பு நழுவி விழுந்தாலும் நடப்பவருக்குத் தெரியாது. விரலிடுக்கில் நுழையும் குமிழ் கிடையாது. எங்கும் ஓர் ஆணிகூட இல்லை. எல்லாம் பசையும் தையலும்தான்.

பார்வைக்கு அழகு என்று சொல்ல முடியாது. கறுப்பு, பழுப்பு என இரண்டே நிறங்கள். திருமண வீட்டுக்கு அணிந்து போனால் யாராவது காலுக்கு என்ன என்று கேட்பார்கள். அதனாலேயே பலர் இதை வீட்டில் வைத்துவிட்டுப் பழைய செருப்பில் வெளியே போகிறார்கள். இளைஞர்கள் அணியத் தயங்காத வடிவம் ஒன்றை இத்தனை ஆண்டுகளில் இந்தப் பட்டறை யோசித்திருக்கலாம். செருப்பு கிடைக்கப் பதினொரு நாளாயிற்று, சொன்னது ஐந்து நாள். இடது குதிகால் வாரின் ஒட்டுப்பட்டை மூன்றாம் வாரத்திலேயே தையல் விட்டது. கொண்டுபோனதும் காசு வாங்காமல் அரை மணியில் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றிப் பாதத்தில் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று பார்த்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டச் சொன்னார்கள். அப்படியே செய்தேன். இடது கட்டைவிரல் மேட்டிலிருந்த காய்ப்பு, அங்கே பிளேடால் செதுக்கிவிட்ட பிறகு, இதுவரை மீண்டும் ஏறவில்லை. ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் ரப்பர் அமுங்கிவிடும், அப்போது மாற்ற வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அன்றாடம் போடும் செருப்பையே அணிந்து போங்கள், புதிதாக வாங்கி அணிந்து போகாதீர்கள். நான் அணிந்து போனது நான்காண்டுப் பழைய தோல் செருப்பு. அந்தப் பெண் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உள்ளே விரலை விட்டு நகர்த்தினார், இடது கட்டைவிரல் இடத்தில் விழுந்திருந்த பள்ளத்தை எனக்குக் காட்டினார். என் கால் சொல்லாததை அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. புதுச் செருப்பு வாங்கப் போன அன்று, பழையதை மாணவிகளுக்குப் பாடம் எடுக்க வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பட்டறைச் சுவரில் ஏற்கெனவே ஒரு வரிசை பழைய செருப்புகள் தொங்கின. பெயரும் நாளும் எழுதாத ஓர் அட்டையை அதில் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.